இராக்கின் நிலமும் உங்கள் கடைச் சரக்கும்



போன வாரம் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், இஸ்லாம் முதலாளித்துவமா, சோஷலிசமா?" நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமல்ல, அடுத்த ஜும்ஆவில் பேசுகிறேன் என்றேன்.

1933ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்குமே அது மோசமான காலம்தான். ஆனால் நோய் வரும்போதுதானே உடம்பின் பலவீனம் தெரியும்? அமெரிக்காவில் உழைப்பாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. நகரங்களில் இலவசக் கஞ்சிக்கு நீண்ட வரிசை. அதே நேரம் விஸ்கான்சின் மாநில விவசாயிகள், விலை கட்டுப்படியாகவில்லை என்று போராடி, பாலை ரோட்டில் கொட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் கடனாளிகள். பாலும் இருந்தது, பசியும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்கச் சந்தையால் முடியவில்லை.

சோவியத் நாட்டில் ஸ்டாலின் அரசு விவசாயிகளின் நிலத்தைக் கூட்டுப்பண்ணையாக்கி, தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் பல லட்சம் பேர் பட்டினியால் செத்தார்கள். 1932 ஆகஸ்டில் வந்த சட்டத்தின்படி, பண்ணை வயலில் கதிர் பொறுக்கியவருக்கும் பத்து வருடச் சிறை விழுந்தது. விதைத்தவனே திருடனாகிவிட்டான்!

இப்போது மதீனாவுக்கு வாருங்கள். விலை ஏறியபோது, நீங்களே விலை நிர்ணயியுங்கள் என்று மக்கள் கேட்டார்கள். நபி (ஸல்) மறுத்தார்கள். யாருக்கும் அநீதி செய்தவனாக அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம் (அபூதாவூத், திர்மிதி). வியாபாரிகளுக்கு இனிக்கும் ஹதீஸ். ஆனால் பதுக்குகிறவன் பாவி என்று சொன்னதும் அதே நபிதான் (முஸ்லிம்). சரக்கோடு வருகிற கிராமத்தாரை, சந்தை விலை தெரியும் முன்பே வழியில் மடக்கி வாங்குவதையும் தடுத்தார்கள். அடுத்தவரின் அறியாமையில் கிடைக்கும் லாபம் வேண்டாம் என்பது இதன் பொருள்.

உமர் (ரலி) காலத்தில் இராக்கின் வளமான நிலம் கைக்கு வந்தது. போரிட்டவர்களுக்குப் பங்கிடுங்கள் என்று சஹாபாக்களில் பெரியவர்களே வற்புறுத்தினார்கள். உமர் (ரலி) ஹஷ்ர் அத்தியாயத்தை எடுத்துக்காட்டினார்கள். செல்வம் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றக்கூடாது என்கிறது அதன் 7ஆம் வசனம். பின்னால் வருகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது 10ஆம் வசனம். இன்றே பங்கிட்டால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்? நிலம் உழுதவர்களிடமே விடப்பட்டது. கராஜ் வரி பைத்துல்மாலுக்கு வந்தது. பிறக்காத குழந்தைக்கும் அதில் ஹக் இருந்தது.

யாருக்குச் சொந்தம் என்பதில் அந்த இரண்டு கொள்கைகளும் சண்டையிடுகின்றன. சொந்தமானதில் இன்னும் யாருக்கெல்லாம் ஹக் இருக்கிறது என்று நம் ஷரீஅத் கேட்கிறது. 'இஸ்லாம் நடுவழி' என்று பெருமையாகச் சொல்லிவிட்டு எழுந்து போவது எனக்குப் பிடிக்காது. ரமளானில் கடை வாசலில் வரிசை நிறுத்தி ஐம்பது ரூபாய் நோட்டுக் கொடுக்கிறோம். உள்ளே அடுக்கியிருக்கும் சரக்கை எண்ணி, இன்றைய விலை போட்டு, இரண்டரை சதவீதம் ஒதுக்கியவர்கள் நம் மஹல்லாவில் எத்தனை பேர்? மீதி யாருடைய பணம்?

இந்த வாரமே ஸ்டாக் எடுங்கள். கணக்கு வராதவர்கள் அஸருக்குப் பிறகு நோட்டோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். அந்தத் தம்பியையும் கூட்டல் போட வரச் சொல்லியிருக்கிறேன்.