சிக்கனம் யாருடையது?

சென்ற ஆண்டு நம் இல்லத்தில் எழுந்த ஒரு சிறு வினா நெடுநாள் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணமாயிருந்த பொருளோ வினாவினும் சிறிது. ஏழு வயதுப் பேரனுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. அவன் சூப்பர்மேனாக விரும்பினான். உடைகளை வாடகைக்குத் தரும் கடையில் ஒரு நாளைக்கு 700 ரூபாய் என்று மருமகள் விசாரித்து வந்தாள். "எழுநூறு ரூபாயா? அரை நாழிகை மேடையில் நிற்பதற்கா? பழந்துணி இருக்கிறது, ஊசி நூல் இருக்கிறது, நாமும் இருக்கிறோம், வீட்டிலேயே தைத்துவிடலாம்" என்றோம். மகன் மகிழ்ந்தான், மருமகளும் மறுக்கவில்லை. பேரன் மட்டும், "பாட்டி, அது கடையில இருக்கிற மாதிரியே இருக்குமா?" என்று கேட்டான். "அதைவிட நன்றாகவே இருக்கும்" என்று விடையிறுத்தோம். 36 ஆண்டுகள் ஆசிரியப் பணியில் மாணாக்கரிடம் பொய்யுரையாதிருக்க முயன்ற நாம் எத்துணை எளிதாக அதைச் சொல்லிவிட்டோம் என்பதை அன்றிரவுதான் எண்ணிப் பார்த்தோம்.

சிக்கனம் நற்குணம் என்பதில் நம்முள் கருத்து வேறுபாடு இராது. ஆனால் மூத்தோர் மேற்கொள்ளும் சிக்கனத்தின் செலவை இளையோர் செலுத்த நேரும்போது, அந்தக் குணம் எவருடைய கணக்கில் சேரும்? பணம் நம் பையில் தங்குகிறது. வகுப்புத் தோழரின் ஏளனம் பிள்ளைக்குப் போகிறது. இதைக் குறித்து அன்பர்களுடன் சற்றே சிந்திக்க விரும்புகிறோம்.

முதலில் உடை உருவான விதத்தைச் சொல்லிவிடுவோம். தாய்மார்களுக்குப் பயன்படக்கூடும். முதுகில் தொங்கும் சிவப்புத் துணிக்கு நம்முடைய பழைய உள்பாவாடை ஒன்று உதவியது. ஆறு கலி வைத்துத் தைத்த பருத்திப் பாவாடை. சாயம் சற்று மங்கியது. நாடாவை உருவிவிட்டுத் தையலைப் பிரித்து, மூன்று கலிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் மேலே குறுகிக் கீழே அகன்ற வடிவம் தானாகவே அமைந்துவிடுகிறது. நீளம் முழங்காலின் பின்மடிப்பு வரை போதும். அதற்குமேல் நீண்டால் பிள்ளை மிதித்து விழுவான். (தம் உள்பாவாடை விண்ணில் பறக்கப் போகிறதென்று இந்த வயதில் எவர்தாம் எதிர்பார்ப்பர்!) துணியைக் கழுத்தில் நாடாவால் கட்டிவிடுவது பலரும் செய்வது, அது பெருந்தீங்கு. ஓடும்போது தாழ்ப்பாளிலோ ஊஞ்சலிலோ துணி சிக்கினால் கழுத்து இறுகும். ஆகவே இரு தோள்களிலும் டிச் பட்டன் வைத்தோம், இழுத்தால் விட்டுவிடும். பருத்தியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. பாலியஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அவ்வாறு ஒட்டாது. ஆயினும் எரியும், ஆதலின் எத்துணியாயினும் விளக்கருகே விடலாகாது.

நீல நிற முழுக்கை பனியன் வீட்டில் இருந்தது. காலுக்கு அவன் அக்காளின் லெக்கிங்ஸ். மார்புச் சின்னத்தைச் செய்தித்தாளில் வரைந்து, நடுவில் மடித்து வெட்டினால் இருபுறமும் ஒத்துவரும். அதை வைத்து மஞ்சள் ரவிக்கைத் துணியில் வெட்டினோம். பசை வைத்தால் துணி விறைத்து உறுத்தும். எனவே ஓரம் மடித்துக் கையால் தைத்தோம். சிவப்பு ஜட்டியை வெளியே அணியவேண்டும் என்றதும் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். அது அக்காலத்துச் சர்க்கஸ் பயில்வான்களின் உடையிலிருந்து வந்த வழக்கம் என்று விளக்கினோம். அவன் சிரிப்பு அடங்கவில்லை. பட்டன், எலாஸ்டிக், நூல், மஞ்சள் துணி யாவும் சேர்த்து 140 ரூபாய் ஆயிற்று.

இரண்டாம் நாள் மாலை இடைவாருக்கு வந்தோம். அட்டையை நறுக்கி, அதன்மேல் ஒட்டுவதற்காகச் சாக்லேட் சுற்றி வந்த பொன்னிறத் தாளை நகத்தால் தேய்த்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தோம். அந்தத் தாளின் சரசரப்பு நம்மை 1979-ஆம் ஆண்டுக்கு இட்டுச் சென்றது.

அப்போது செய்யாற்றங்கரை ஊர் ஒன்றில் பணியாற்றினோம். மாறுவேடப் போட்டிக்கு நாம் ஒரு நடுவர். அரிச்சந்திரனும் கட்டபொம்மனும் நாடகக் கம்பெனி உடைகளில் மின்னி வந்து போயினர். பின் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்தான். வலக் கை முழங்கைவரை வெள்ளியாய்ப் பளபளத்தது. "இரும்புக்கை மாயாவி!" என்று பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீட்டிலேயே தோன்றிய நாயகன் அவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். (பிள்ளைகள் சுவரிலுள்ள மின் துளையில் விரலை விட்டுப் பார்ப்பரோ என்று ஆசிரியர்கள் அஞ்சியதுண்டு.) அந்த மாணவன் சிகரெட்டுப் பெட்டிகளின் உள்ளே இருக்கும் வெள்ளித் தாள்களைச் சேர்த்து, ஒரு பழைய காலுறையின்மேல் செதில் செதிலாக ஒட்டியிருந்தான். விரல்களை மடக்கினான், நீட்டினான். ஒரு தாளும் கிழியவில்லை.

நாம் மேடையேறி ஒலிபெருக்கியைப் பற்றினோம். நல்லெண்ணத்தோடுதான். "இந்த மாணவனைப் பாருங்கள். வசதியில்லாத குடும்பம். தெருவில் கிடந்த குப்பைக் காகிதத்தைப் பொறுக்கி, காசு செலவில்லாமல் வேடம் புனைந்திருக்கிறான். நீங்கள் அனைவரும் இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றோம். அவை கைதட்டியது. எங்கோ ஒரு மூலையில் சிரிப்பொலியும் கேட்டது. மாணவன் வெள்ளிக் கையை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டான். மாயாவியிடம் எல்லாம் மறைந்தபின்னும் தெரிய வேண்டிய பகுதி அது ஒன்றுதான்.

பரிசும் கொடுத்தோம், முதற் பரிசே கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து அவன் தாயார் வாயிலில் காத்திருந்தார். சண்டையிட வந்தவர் போல இல்லை. "டீச்சர், மூணு மாசமா டீக்கடையில சொல்லிவச்சு வாங்கிச் சேர்த்த தாளுங்க. குப்பைன்னு சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்த மாணவன் பள்ளியிறுதி வரை வேறு எந்தப் போட்டியிலும் பெயர் கொடுக்கவில்லை.

அன்று நாம் கேட்டிருக்கவேண்டியது, "தம்பி, விரல் மடிப்பில் தாள் கிழியாதபடி எப்படி ஒட்டினாய்?" என்பதே. அவன் விளக்கியிருப்பான். செதில்களை ஒன்றின்மேல் ஒன்று சிறிது ஏறவிட்டு, ஒரு விளிம்பை மட்டும் ஒட்டியிருப்பான் என்று இப்போது ஊகிக்கிறோம். அவன் கையில் இருந்த திறனை விட்டுவிட்டு, அவன் பையில் இல்லாத பணத்தைப் பேசினோம். ஆசிரியப் பயிற்சியில் கற்பிக்கும் முறைகள் பல படித்தோம். பாராட்டும் முறையைப் பற்றி ஒரு பாடமும் இருந்ததாக நினைவில்லை.

நம் மாவட்டத்துத் தெருக்கூத்தைக் கண்டவர் அறிவர். துரியோதனன் அணியும் முடியும் புயக்கட்டையும் எடை குறைந்த கலியாண முருங்கை மரத்தில் செய்தவை. அவற்றின்மேல் கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் பதித்திருக்கும். அவன் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும்போது அது என்ன விலை மரம் என்று எவரும் வினவுவதில்லை. மலிவைப் பறைசாற்றுவது ஒருபோதும் கூத்தாடியின் வேலையாக இருந்ததில்லை.

அயல்நாட்டு நாயகனின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. 1938-இல் அமெரிக்காவில் ஆக்‌ஷன் காமிக்ஸ் என்னும் இதழின் முதல் எண்ணில் சூப்பர்மேன் தோன்றினான். படைத்தவர்கள் கிளீவ்லாந்து நகரில் வளர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள். ஷஸ்டரின் தந்தை தையற்காரர். சீகலின் தந்தை துணிக்கடை வைத்திருந்தவர். தாள் வாங்கவும் வழியின்றி, பொட்டலம் கட்டும் தாளிலும் சுவரொட்டுத் தாளின் பின்புறத்திலும் ஷஸ்டர் படம் வரைந்த காலம் உண்டு. நாயகன் மீதான உரிமை முழுவதையும் இருவரும் 130 டாலருக்கு விற்றுவிட்டனர். பிற்காலக் கதைகளில் அவன் உடை உருவான விதமும் சொல்லப்பட்டது. குழந்தையாய் வந்திறங்கியபோது அவனைச் சுற்றியிருந்த போர்வைகளை வளர்ப்புத் தாய் நூல் நூலாகப் பிரித்து நெய்து தந்தாராம். அந்நூலைக் கத்தரிக்கோல் வெட்டாது. மகன் தன் பார்வையின் வெப்பத்தால் அறுத்துக் கொடுத்தானாம். 1962-இல் வந்த ஸ்பைடர்மேனோ பள்ளி மாணவன். தன் உடையைத் தானே தைத்துக்கொண்டவன்.

இவற்றைப் பேரனிடம் கூறினோம். "அப்போ அவனுக்கு யார் முதுகுல அளவு எடுத்தாங்க?" என்று கேட்டான். விடை தெரியவில்லை. ஆனால் அவ்வினா நமக்கொன்றைக் காட்டிற்று. கதையில் தாயும் மகனும் சேர்ந்து தைத்தனர். வெள்ளிக் கை மாணவன் தானே செய்தான். நம் வீட்டிலோ இரு மாலைகளும் நாம் தைத்தோம். பிள்ளை அளவுக்கு நின்றான், அவ்வளவே. முடிவும் நம்முடையது, உழைப்பும் நம்முடையது, பெருமையும் நம்முடையதாகவே இருந்திருக்கும். நாணம் மட்டும் அவனுக்கென்று ஒதுக்கிவைத்திருந்தோம்.

பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கித் தருவதா என்று அன்பர்கள் கேட்கலாம். இல்லை. கையில் பணம் இல்லாத வீட்டில் இவ்வினாவே எழாது. அங்கே உள்ளது இன்மை, அதைச் சிக்கனம் என்று புகழ்வதும் ஒருவகைக் கொடுமை என்பதை 1979-இல் கண்டோம். நம் வீட்டில் 700 ரூபாய் இருந்தது. அப்படியிருக்கக் கொடுக்க மறுப்பது நம் விருப்பம். பொருளுக்கு வரையறை செய்துகொள்ளும் விரதத்தை நம் முன்னோர் ஒவ்வொருவரும் தாமே அறிந்து, தாமே ஏற்கச் சொன்னார்கள். ஒருவருக்காக மற்றொருவர் ஏற்பது அதில் இல்லை. பிள்ளைக்குக் கற்பிக்கலாம், காட்டலாம், காத்திருக்கலாம். அவன் தோளில் ஏற்றிவைத்து, அவன் ஏற்றுக்கொண்டதாக நாம் மகிழ்வது முறையன்று. இதில் நமக்கு ஐயமே இல்லை என்று சொல்லமாட்டோம். காத்திருந்தால் பழகிவிடும் வயதும் உண்டு, பழகாது போகும் வயதும் உண்டு. எது எப்போது என்பதைப் பல்லாண்டு வகுப்பறையில் நின்றும் நாம் திட்டமாக அறிந்ததில்லை.

மூன்றாம் நாள் ஊசியை வைத்துவிட்டுப் பேரனை அழைத்து உண்மையைச் சொன்னோம். "கடையில் இருப்பது போலவே இது இராது. வேறு மாதிரி இருக்கும். உனக்கு எது வேண்டும்?" அவன் நெடுநேரம் யோசித்தான். "ரெண்டையும் போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான். நியாயமான விடை. கடைக்கு அழைத்துச் சென்றோம். வாடகை உடையில் தோளுக்கும் புயத்துக்கும் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். முன்பு அணிந்தவரின் வியர்வை வாடை இருந்தது உண்மை. அதை அணிந்து கண்ணாடி முன் நின்றபோது பிள்ளை இருமடங்கு பெருத்துக் கம்பீரமாகத் தோன்றியதும் உண்மை. அவன் திரும்பி நம் முகத்தைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் காட்டாதிருக்க நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். "இதுதான் பாட்டி" என்றான். 700 ரூபாயை நாமே எண்ணிக் கொடுத்தோம்.

போட்டியில் அவனுக்குப் பரிசு கிட்டவில்லை. அவ்வாண்டு சூப்பர்மேன்கள் ஐவர். ஐவரும் ஒரே மாதிரி இருந்தனர். அதனால் பேரன் சிறிதும் வருந்தினானில்லை. மறுநாள் உடை கடைக்குத் திரும்பிவிட்டது.

நாம் தைத்தது வீட்டிலேயே தங்கியது. பள்ளி விட்டு வந்ததும் சிவப்புத் துணியைத் தோளில் பூட்டிக்கொண்டுதான் மற்ற வேலை. இடைவாரை அவனே ஒட்டி முடித்தான். கோணல்தான், நாம் திருத்தவில்லை. துணியோடே பால் குடிக்கிறான், துணியோடே வீட்டுப் பாடம் எழுதுகிறான். டிச் பட்டன் இதுவரை மூன்று முறை பிய்ந்து, மூன்றாம் முறை நாம் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க அவனே தைத்தான். எதிர் வீட்டுச் சிறுமி தனக்கும் வேண்டுமென்று வந்தாள்; மீதமிருந்த மூன்று கலிகள் அவளுக்குப் போயின. இப்போது அவள் தம்பியும் கேட்கிறான். பெட்டியைத் திறந்து பார்த்தோம். அடுத்து இருக்கும் உள்பாவாடை பச்சை. பச்சைத் துணியில் பறப்பவர் எவரேனும் உண்டா என்று பேரன் தன் நண்பர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.