எது தூய உணவு?

பெங்களூரு நகரின் பெயரைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. வேட்டைக்குச் சென்று வழிதவறிய ஹொய்சள மன்னர் வீர வல்லாளர், பசியால் வாடி ஒரு மூதாட்டியின் குடிசையை அடைந்தார். அவளிடம் இருந்தது வேகவைத்த பயறு மட்டுமே. அதனை அவள் அன்புடன் அளித்தாள். நன்றி மறவாத மன்னர் அவ்விடத்திற்கு 'பெந்தகாளூரு', அதாவது வெந்த பயற்றின் ஊர், என்று பெயரிட்டாராம். சரித்திரம் இதனை ஏற்பதில்லை. அம்மன்னருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட பேகூர்க் கல்வெட்டிலேயே இவ்வூரின் பெயர் காணப்படுகிறது. எனினும் அக்கதை ஓர் ஆழ்ந்த கேள்வியை எழுப்புகிறது. உணவின் தூய்மை பொருளில் உள்ளதா, அளிப்பவரிடம் உள்ளதா, உண்பவரின் மனத்தில் உள்ளதா?

உணவின் நுண்ணிய பகுதியே மனமாகிறது என்பது சாந்தோக்கிய உபநிடதத்தின் கருத்து. இதனை உணர்த்த உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாட்கள் நீர் மட்டும் அருந்தி இருக்கச் செய்தார். கற்ற வேதம் மகனின் நினைவுக்கு வரவில்லை. உணவு உட்கொண்ட பின்னரே அது திரும்பியது. உடலைப் புறக்கணிப்பது ஆன்மிகமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே உபநிடதம் பின்னர் ஆகார சுத்தியைப் பேசுகிறது. ஸ்ரீ ராமானுஜர் மரபில் 'ஆகாரம்' என்பது உண்ணும் உணவு. பொருளின் இயல்பு, அது வரும் இடம், அதில் சேரும் அழுக்கு ஆகிய மூன்று குற்றங்களும் நீங்க வேண்டும். ஸ்ரீ சங்கரரோ, புலன்கள் வழியே உள்ளே வரும் அனைத்தும் ஆகாரமே என்றார். சுவாமி விவேகானந்தர் இரண்டையும் ஏற்றார். ஆயினும் சமயம் சமையலறையிலேயே முடங்கிவிடுவதை அவர் வன்மையாகக் கண்டித்தார்.

இன்று பெங்களூருவில் கேழ்வரகுக்கு மீண்டும் மதிப்பு உண்டாகியிருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. அரிசியில் அதன் சிறு பங்கு கூட இல்லை. ஐக்கிய நாடுகள் சபையும் 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இவை நல்லனவே. ஆனால் கேழ்வரகுக் களியை உண்ணும் வேளையில் கண்கள் கைபேசியில் கோபத்தையும் பொறாமையையும் உண்டுகொண்டிருந்தால், சங்கரர் கூறும் ஆகாரம் தூயதாகுமோ?

'மனம் தூயதாயின் போதும்' என்று நாவின் ஆசைக்கு இடங்கொடுப்பது ஒரு தவறு. 'என் உணவு தூயது' என்று பிறரைத் தாழ்வாகக் காண்பது அதனினும் பெரிய தவறு; அங்கே வயிறு தூய்மையுற, உள்ளம் மாசடைகிறது. உணவு வரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்னும் விதியைப் பிறப்போடு சேர்த்துப் பிரிவினை வளர்த்தோர் பலர். உண்மையில் அது நடத்தையைக் குறிப்பது. அவ்விதியைப் பிறர்மீது சுமத்துமுன் உண்பவர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம்: இவ்வுணவு நேர்மையான பொருளால் வந்ததா? விளைவித்தவருக்கும் சமைத்தவருக்கும் உரிய கூலி சென்றதா? சமைத்துப் பரிமாறியவர் உண்டாரா?

மிகுதியும் பட்டினியும் யோகத்திற்கு ஆகா. அளவறிந்து உண்பதே நெறி என்கிறது கீதை. அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனை அவரவர் கவனத்தால் கண்டறிதல் வேண்டும். ஒரு வேளையாவது அமைதியாக அமர்ந்து, நன்றியுடன், பசியளவு உண்டு, பசித்தவருக்கு ஒரு பங்கு ஒதுக்குவோமாக. வெந்த பயறாயினும் அதுவே பிரசாதம்.