கைக்கு எவ்வளவு வருது?

ஏப்ரலில் சம்பள உயர்வுக் கடிதம் வரும். மே மாதம் சித்தூரிலும் திருப்பதியிலும் கங்கம்மா ஜாத்திரை வரும். இவை இரண்டும் அடுத்தடுத்து வருவதால், பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊர் திரும்பும் பிள்ளைகளுக்குக் கூழோடு சேர்த்து ஒரு கேள்வியும் காத்திருக்கும். தெலுங்கு வீட்டில் ‘ஜீதம் எந்தரா?’ என்பார்கள். தமிழ் வீட்டில் ‘கைக்கு எவ்வளவு வருதுப்பா?’ என்பார்கள். மாமாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லிவிடலாம். அவர்கள் கேட்பது பெரும்பாலும் அக்கறையில், சில நேரம் வரன் பார்க்கிற கணக்கில். கூடப் படித்தவர்கள் கேட்பதில்லை. வண்டியைப் பார்க்கிறார்கள், கைப்பேசியைப் பார்க்கிறார்கள், பெங்களூரில் எந்தப் பகுதியில் குடியிருக்கிறான் என்று விசாரிக்கிறார்கள், தாங்களாகவே ஒரு தொகையைப் போட்டுக்கொள்கிறார்கள். அந்தத் தொகையோடு பஸ் ஏறுகிறார்கள். அது உள்ளே கிடந்து அரிக்கிறது.

இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளை இந்த அரிப்பு தூங்கவிடாமல் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பொறாமை என்று ஒரே சொல்லில் அதை ஒதுக்கிவிடுவது அநியாயம்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். ஒருவர் ‘ஆறு லட்சம் பேக்கேஜ்’ என்கிறார். கேட்பவர் பன்னிரண்டால் வகுத்து மாதம் 50,000 என்று எடுத்துக்கொள்கிறார். ஆனால் அந்த ஆறு லட்சத்துக்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு இருக்கிறது. வழக்கமாக ஐந்து வருடம் தாண்டினால் மட்டுமே கிடைக்கும் கிராஜுவிட்டி, அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று சேர்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் இருக்கிறது. வருடக் கடைசியில் வந்தால் உண்டு என்கிற ‘வேரியபிள்’ இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் பாதி, வேரியபிள் பத்தில் ஒரு பங்கு, காப்பீட்டுக்கு ஒரு பத்தாயிரம் என்று வைத்து, தன் பங்கு பி.எஃப். பிடித்தத்தையும் தொழில் வரி 200 ரூபாயையும் கழித்தால், மாதம் கையில் நிற்பது 37,000 பக்கம். கைக்கு 40,000 வாங்கும் நண்பர், ஆறு லட்சக்காரர் தன்னைத் தாண்டிப் போய்விட்டார் என்று குமைகிறார். கூடுதலாக வாங்குவது தான்தான் என்பது அவருக்கே தெரியாது.

பேச்சில் எப்போதும் பெரிய எண்ணே முன்னால் வரப் பழக்கியது நாம்தான். பொறியியல் கல்லூரி விளம்பரப் பலகையில் மாணவரின் படத்துக்குப் பக்கத்தில் எத்தனை லட்சம் என்று போடுகிறார்கள். அந்த ஆண்டின் மிக உயர்ந்த பேக்கேஜ் அது. வேலை கிடைத்தவர்களை வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் என்ன சொல்வார் என்பது பலகையில் வராது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் அந்த நடு எண்ணைக் கொடுத்தாக வேண்டும். மகனையோ மகளையோ சேர்க்கப்போகும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சரி, எல்லோர் எண்ணும் சரியாகத் தெரிந்துவிட்டால் அரிப்பு நின்றுவிடுமா? 2019 அக்டோபர் 2 அன்று ஆந்திராவில் கிராம, வார்டு சச்சிவாலயங்கள் தொடங்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஒரே வீச்சில் அரசு வேலைக்குள் வந்தார்கள், பி.டெக். முடித்தவர்கள் உட்பட. தகுதிகாண் பருவத்தில் மாதம் 15,000 ரூபாய். இரண்டு வருடம் என்றது நீண்டு, 2022 நடுவில்தான் முறையான ஊதிய விகிதம் வந்தது. மறைப்பதற்கு எதுவும் இல்லை, தொகை அரசாணையிலேயே இருந்தது. ஆனாலும் அந்த 15,000 எல்லோருக்கும் ஒரே பணமாக இருந்ததா? சொந்த ஊர்ப் பக்கமே வேலை கிடைத்து வீட்டில் சாப்பிட்டவருக்கு அதில் மிச்சம் நின்றது. பழைய சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடி குப்பம், கிழக்குக் கோடி சத்தியவேடு. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக நேர்ந்தவருக்கு அறை வாடகையும் மெஸ்ஸும் போக எதுவும் நின்றிருக்காது. படிப்புக்கு அரசின் ஃபீஸ் ரீஇம்பர்ஸ்மென்ட் கிடைத்தவரும், அம்மாவின் நகையை அடகு வைத்துப் படித்தவரும் வாங்கியது அதே 15,000. எண்ணைச் சமமாக்கலாம். எண்ணுக்குப் பின்னால் நிற்கும் வீட்டையும், எண்ணின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் கடனையும் எந்த அரசாணையும் சமமாக்கவில்லை.

நார்வேயில் ஒவ்வொருவரின் வருமானமும் வரியும் பொது ஆவணம். 2001இல் செய்தித்தாள்கள் அதை இணையத்தில் ஏற்றின. பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத் தட்டினால் அவர் சம்பாத்தியம் வந்து நின்றது. ரிக்கார்டோ பெரெஸ்-த்ருக்லியா என்ற பொருளியலாளர் அதன் விளைவை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார். வருமானம் கூடியவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் நடுவே இருந்த மகிழ்ச்சி இடைவெளி 29 சதவீதம் அகன்றிருந்தது. 2014இல் அரசு விதியை மாற்றியது. இப்போதும் பார்க்கலாம், ஆனால் பார்த்தது யார் என்பது பார்க்கப்பட்டவருக்குத் தெரிந்துவிடும். தேடல்கள் சட்டென்று விழுந்துவிட்டன. இந்தச் செய்தி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. அந்த மக்கள் தேடியது ஏதோ அநீதியைத் தட்டிக்கேட்க என்றால், தங்கள் பெயர் தெரிவதால் கை ஏன் நிற்க வேண்டும்? ஒளிந்து பார்த்தவருக்கு எண் கிடைத்தது. அந்த எண்ணோடு வாழும் ஆள் கிடைக்கவில்லை.

நம் நாட்டிலேயே நடந்த இன்னொரு ஆய்வு இதைவிட நெருக்கமாகப் பேசுகிறது. எமிலி பிரேஸா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷாம்தசானி மூவரும் ஒடிசாவில் 378 தொழிலாளர்களை மூவர் மூவராகப் பிரித்து வேலைக்கு அமர்த்தினார்கள். 2018இல் முடிவுகள் வெளிவந்தன. சில குழுக்களில் மூவருக்கும் ஒரே கூலி, சிலவற்றில் ஆளுக்கொரு கூலி. கையில் வாங்கும் பணம் மாறாமலேயே, பக்கத்தில் இருப்பவர் தன்னைவிடக் கூடுதலாக வாங்குகிறார் என்று அறிந்தவர்களிடம் வேலை குறைந்தது. வருகை 18 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. தினக்கூலியை நம்பி வாழும் மனிதர்கள், கிடைக்கும் கூலியையே வேண்டாமென்று வீட்டில் இருந்தார்கள் என்றால் அந்த வலி எவ்வளவு இருந்திருக்கும்! குழுவுக்குள் ஒத்துழைப்பும் குலைந்தது. ஆனால் ஒரு விதிவிலக்கு இருந்தது. யார் எவ்வளவு செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற வேலைகளில், கூலி வேறுபட்டபோதும் இந்தச் சரிவு காணப்படவில்லை. காரணம் கண்முன் இருந்தபோது வேறுபாட்டை அவர்களால் ஏற்க முடிந்தது.

அந்தக் காரணத்தை எழுதிவைத்த சுவர்கள் நம் பக்கத்தில் உண்டு. திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள், பெரும்பகுதி தமிழில். விஜயநகரக் காலத்தில் ஒருவர் பொன்னோ ஊரோ கொடுப்பார். அதைக் கொண்டு ஏரியும் கால்வாயும் வெட்டிப் பெருகிய விளைச்சலில் பெருமாளுக்குத் தளிகை நடக்கும். பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு, ‘விட்டவன் விழுக்காடு’ என்று, கொடுத்தவருக்கு. மீதி யார் யாருக்கு என்பதும் கல்லில் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டு இன்னும் விரிவானது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர், ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு ஒரு பங்கான நூறு கலம் நெல். நட்டுவருக்கு எத்தனை பங்கு, கணக்கருக்கு எத்தனை என்பதும் அதே சுவரில். அது நீதியான காலம் என்று நான் சொல்ல வரவில்லை. செய்யும் தொழிலைப் பிறப்பே தீர்மானித்தது, அந்த நெல்லை விளைவித்தவரின் பெயர் சுவரில் ஏறவில்லை. இருந்தாலும் ஆள், வேலை, பங்கு மூன்றும் ஒரே வரியில் நின்றன. இன்றைய பணிநியமனக் கடிதங்கள் பலவற்றில் சம்பள விவரத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்றே ஒரு வரி இருக்கிறது.

அந்த வரியால் யாருக்கு லாபம் என்று நம் பிள்ளைகள் கேட்டுப்பார்க்க வேண்டும். வேலை மாறும்போது பழைய பேஸ்லிப்பைக் கேட்கிறார்கள். அதன்மேல் இத்தனை சதவீதம் ஹைக் என்கிறார்கள். முதல் வேலையில் விவரம் தெரியாமல் குறைவாக ஒப்புக்கொண்டவரை அந்தக் குறைவு நிறுவனம் நிறுவனமாகத் தொடர்கிறது. பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்காதவரை, தனக்குத் தரப்படுவது குறைவு என்று ஒரு பெண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதிதாகச் சேர்பவருக்குத் தரும் ஆண்டுச் சம்பளம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. அறை வாடகை அப்படி நிற்கவில்லை. அண்ணனும் தம்பியும் தங்கள் முதல் பேஸ்லிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது புலப்படும். ஆகவே ஒப்பிடாதே என்று இளையவர்களுக்கு உபதேசிக்க எனக்கு மனமில்லை. ஒப்பீடு அவர்களுக்குத் தேவை.

எப்படி ஒப்பிடுவது என்பதை அவர்கள் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தின் பெரும் பயிர் தோதாபுரி மாங்காய், கூழ் ஆலைகளுக்குப் போவது. 2025 பருவத்தில் விலை விழுந்தது. முந்தைய ஆண்டுக் கூழ் தேங்கிக் கிடக்கிறது என்று ஆலைகள் கை விரித்தன. லாரிகளும் டிராக்டர்களும் வாசலில் வரிசை கட்டி நின்றன. ஆலை கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய், மொத்தம் 12 என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கில், கைக்கு 30,000 வாங்கும் மகளின் ஒரு மாதச் சம்பளம் அப்பாவின் இரண்டரை டன் மாங்காய். அந்த அப்பா பங்காருபாளையம் மார்க்கெட் யார்டில் நிற்கும்போது என்ன செய்கிறார்? பக்கத்து வண்டிக்காரரிடம் ‘உனக்கு என்ன விலை போட்டான்?’ என்று நேராகக் கேட்கிறார். அவரும் மறைக்காமல் சொல்கிறார். குறைத்திருந்தால் ஏன் என்று பேசுகிறார்கள். ஏற்றுமதி இல்லை, கூழ் தேக்கம், ஆலைக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று காரணங்களை அலசுகிறார்கள். சேர்ந்து சாலைக்கு வந்து கேட்கிறார்கள். கஷ்டம் மலையளவு இருந்தாலும், விலை விழுந்துவிட்டதால் தான் மட்டமான விவசாயி என்று அவர் நினைப்பதில்லை. மரத்தை வளர்த்தது தன் கை என்றும், விலையைப் போட்டது வேறொருவர் என்றும் அவருக்குத் தெரியும்.

அவர் பெற்ற பிள்ளைக்கு அது தெரியாமல் போனது எங்கே? பத்தாம் வகுப்பிலிருந்தே ரேங்க் சொல்லி வளர்த்தோம். இன்டரில் ரேங்க், எம்செட்டில் ரேங்க். ரேங்க் என்பது அவரைப் பற்றிய தீர்ப்பு என்று நம்பவைத்தோம். அதே கண்ணோடு சம்பளத்தையும் பார்க்கிறார். நிறுவனமோ, இவர் போனால் இன்னொருவரை அமர்த்த எவ்வளவு ஆகும், எதிர் நிறுவனம் என்ன தரும், இந்த வருடம் உயர்வுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று கணக்குப் போட்டு அந்த எண்ணுக்கு வருகிறது. பல இடங்களில், குழுவில் ஒருவருக்கு மேல் ரேட்டிங் தந்தால் இன்னொருவருக்குக் குறைத்தாக வேண்டும். அந்த எண் ஒரு விலை. மாங்காய்க்குப் போட்ட 8 ரூபாயைப் போலவே சந்தை போட்ட விலை. சரியில்லை என்றால் எதிர்த்துக் கேட்க வேண்டிய விலை. அதைத் தன் மதிப்பெண் என்று எடுத்துக்கொண்ட பிள்ளை யாரிடமும் சொல்ல முடியாமல் மறைக்கிறது. மறைப்பதால் காரணம் தெரிவதில்லை. காரணம் தெரியாத வேறுபாடுதான் ஒடிசாவின் அந்தத் தொழிலாளிகளை வீட்டில் முடக்கிப்போட்டது.

சந்தையில் அப்பா பேசுகிற பேச்சைப் பிள்ளைகள் தங்களுக்குள் பேச வேண்டும் என்பது என் ஆசை. பேக்கேஜைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல் முழுக் கணக்கையும் பேச வேண்டும். படிப்பு முடித்து ஸ்ரீசிட்டியிலோ பெங்களூரிலோ முதல் வேலைக்குப் போகும் தங்கையின் முன்னால் அக்கா தன் பேஸ்லிப்பை விரிக்கலாம். “இது பி.எஃப்., இது பிடித்தம். வேரியபிள்னு போட்டிருக்கில்ல, போன வருஷம் பாதிதான் வந்தது. ரூமுக்கு இவ்வளவு போகுது, அப்பா வாங்கின பயிர்க்கடனுக்கு இவ்வளவு கட்டறேன். நான் தைரியமா வேலைய விட்டுட்டு ஆறு மாசம் படிச்சேன்னா, சாப்பாடு போட வீடு இருந்தது. என் கூடச் சேர்ந்தவளுக்கு அது இல்ல, அதான் அவ இன்னும் அங்கேயே இருக்கா” என்று சொல்லலாம். அதைக் கேட்ட பெண் இன்டர்வியூவின் கடைசியில் எழுந்து வந்துவிடாமல் இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பாள். “இதுல ஃபிக்ஸட் எவ்வளவு சார்? இதே வேலைக்குப் போன வருஷம் சேர்ந்தவங்களுக்கு எவ்வளவு?” என்று கேட்பாள்.