ஆறு பைட்டில் ஓர் அண்டம்

மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு வந்த பிபிசி மைக்ரோவுக்கு மொத்த நினைவகமே 32 கிலோபைட். பல வண்ணத் திரையைப் போட்டால் அதில் 20 போய்விடும். ஃப்ளாப்பி டிரைவும் கணினியின் சொந்தச் செலவும் போக, புரோகிராம் எழுத மிஞ்சுவது 5,888 பைட். இன்றைய வாட்ஸ்அப் ஸ்டிக்கர்கள் பலவும் அதில் அடங்காது.

அந்த வறுமையை நினைத்து உருகும் ஆள் இல்லை நான். கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறும்வரை உட்கார்ந்திருந்த எரிச்சல் இன்னும் மறக்கவில்லை. ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அந்தப் பெட்டி ஓயாமல் கேட்டது. அந்தக் கேள்விக்குத்தான் ஏங்குகிறேன். கணக்கு வாத்தியாரான என்னைச் சைவ சித்தாந்த வகுப்புக்கு இழுத்துப்போனதும் அதுதான்.

சக ஆசிரியர் ஒருவரின் மகன் 'எலைட்' கொண்டுவந்தான். டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதி 1984-இல் வெளிவந்த விளையாட்டு. விண்கலத்தில் கிரகம் கிரகமாகப் போய் வியாபாரம் செய்ய வேண்டும். வழியில் கொள்ளையரையும் சமாளிக்க வேண்டும். 8 அண்டங்கள், அண்டத்துக்கு 256 கிரகங்கள். இந்த 2,048 கிரகங்களின் பெயர், ஆட்சி, தொழில், மக்கள்தொகை எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. மூன்றே எண்கள், ஆறு பைட். அவற்றை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போனால் அடுத்தடுத்த கிரகம் பிறக்கும். லாவே என்ற கிரகத்தை எப்போது கேட்டாலும் வளமான விவசாயம், சர்வாதிகார ஆட்சி. கேட்காதபோது லாவே எங்கே இருக்கிறது?

இல்லாதது தோன்றாது என்பது சற்காரியவாதம். ஒடுங்கிய உலகம் அதன் மூலப்பொருளான மாயையில் சூக்குமமாய் இருந்து மறுபடி விரிகிறது என்கிறது சித்தாந்தம். இதற்கு எலைட்டை உதாரணமாகச் சொன்னபோது எங்கள் சித்தாந்த ஆசிரியர் ஏற்கவில்லை. "குடத்துல மண்ணு இருக்கு சார். உங்க கிரகத்துல அந்த நம்பர் எங்க இருக்கு? மாயை பொருள், கணக்கில்ல" என்றார். நியாயம்தான்.

நான் விடவில்லை. வேறொரு சந்தேகம் இருந்தது: உலகத்துக்கு மாயை போதுமென்றால், கன்மம், அதாவது வினை, என்று உயிரைப் பற்றும் தனி மலம் ஒன்று எதற்கு? இதற்கு எலைட்டின் சேமிப்புக் கோப்பு உதவியது. நூறு பைட்டுக்குள் அடங்கும் அந்தப் பதிவில் அண்டத்துக்கு ஆறு பைட்தான். மீதியில் பெரும்பாலும் ஆடுகிறவன் கணக்கு: கையிருப்பு, சரக்கு, வீழ்த்திய கலங்களின் எண்ணிக்கை, அடிமைகளையும் போதைப்பொருளையும் கடத்தியதால் ஏறிய குற்றநிலை. கணினியை அணைத்தால் அண்டம் ஒடுங்கும்; அந்த ஆறு பைட் விதை இருந்தால் திரும்ப வரும். ஆடுகிறவன் செய்ததை எந்த விதையிலிருந்தும் கணக்கிட்டு எடுக்க முடியாது. அதை எழுதித்தான் வைக்க வேண்டும்.

இதற்கு ஆசிரியர் தலையசைத்தார். குற்றநிலை என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். வேறு கிரகத்துக்குத் தாவும்போதெல்லாம் பாதியாகக் குறையும் என்றேன். அங்கே பிரேபனும் பெல்லும் சித்தாந்தத்தை விட்டு விலகிவிடுகிறார்கள். சேர்ந்து கிடக்கும் பழவினையான சஞ்சிதம் குரு தரும் தீக்கையில் எரியலாம். எடுத்த உடம்பில் அனுபவிக்க வந்த வினையான பிராரத்தத்தில் ஒரு பைட்டும் ஊர் மாறுவதால் குறையாது, நுகர்ந்தே தீர்க்க வேண்டும்.