டிம் யாரைக் காட்டிக்கொடுத்தான்?

2022இல் வந்த ‘ஆண்டோர்’ தொடரில் டிம் கார்லோ மூன்றாம் பகுதியோடு முடிந்துபோகிறவன். ஸ்டார் வார்ஸ் உலகத்தின் பேரரசு, புரட்சி எதிலும் அவனுக்குப் பங்கில்லை. ஃபெரிக்ஸ் என்ற கோளில் பழைய இரும்பும் உதிரிபாகங்களும் விற்கும் இடத்தில் வேலை செய்கிறான். அதை நடத்துகிற பிக்ஸ்தான் அவனுடைய காதலி.

அவளுடைய பழைய காதலன் காசியன், திருடிய கருவி ஒன்றை விற்றுத்தரக் கேட்டு வருகிறான். பிக்ஸ் ரகசியமாக எங்கோ போய் வருகிறாள். டிம் பின்தொடர்கிறான். காவலர் இருவரைக் கொன்றவனைத் தேடும் அறிவிப்பு வந்ததும், அது காசியன்தான் என்று நிறுவனக் காவல்படைக்குத் துப்புக் கொடுத்துவிடுகிறான்.

சொன்னது பொய்யில்லை. ஒரு காவலன் கைகலப்பில் இறந்தான். மற்றவனைக் கெஞ்சக் கெஞ்சச் சுட்டவன் காசியன். கொலைகாரனே வாசலில் வந்து கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதிய காண்ட், டிம்மைக் குறை சொல்லியிருப்பாரா? இவனை யாரும் வாசலில் வந்து கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

பொறாமையில் சொன்னான், அதனால் துரோகி என்று முடித்துவிட எனக்குத் தயக்கம். ‘கோபத்தில் கொடுத்த புகார்’, ‘பழிவாங்கக் கொடுத்த புகார்’ என்று சொல்லித்தானே பெண்களின் புகார்களை இத்தனை காலம் தள்ளிவிட்டார்கள்? நோக்கம் அழுக்காக இருக்கலாம். சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். டிம்முக்கு மட்டும் வேறு அளவுகோல் வைக்க முடியாது.

பிறகு எது தவறு? காசியனுக்கு அவன் எந்த விசுவாசமும் கடன்பட்டிருக்கவில்லை. பிக்ஸுக்குக் கடன்பட்டிருந்தான். தனக்கும் அவளுக்கும் நடுவில் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்றைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் ஒப்படைத்தான். அந்தத் தெருவில்தான் அவளும் இருக்கிறாள், காசியனோடு அவளுக்குத் தொடர்பிருக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். வேறெவரையும்விட நன்றாகத் தெரியும், அவளை வேவு பார்த்தவன் அவன்தானே. ‘காட்டிக்கொடுத்தல்’ என்கிறோம். காட்டியது காசியனை. கொடுத்தது அவளை.

படை வருகிறது. எச்சரிக்க ஓடிய பிக்ஸை அடித்து விலங்கிடுகிறார்கள். அதைப் பார்த்து அவளை நோக்கி ஓடிவரும் டிம்மைச் சுட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் எனக்கும் அவன்மேல் இரக்கம் வந்தது. வர வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவன் சாவு அவனோடு முடிந்துவிடுகிறது.

விசாரணை முடியவில்லை. ஒன்பதாம் பகுதியில் பிக்ஸை ஒரு நாற்காலியில் கட்டி உட்கார வைக்கிறார்கள். அடி உதை இல்லை. கொல்லப்பட்ட ஓர் இனத்துக் குழந்தைகளின் சாவோலத்தைப் பதிவுசெய்து, அதை அவள் காதில் போடுகிறார்கள். அந்த விசாரணையை நடத்தும் அதிகாரி டெட்ரா மீரோ ஒரு பெண் (அலுவலகத்தில் ஆண்களோடு அவள் போராடுவதைப் பார்த்து முதலில் அவள் பக்கம் நின்ற நாமும் இங்கே கொஞ்சம் கூசத்தான் வேண்டியிருக்கிறது).

இதையெல்லாம் டிம் விரும்பவில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். காசியன் ஒருவன் மட்டும் அவள் வாழ்க்கையிலிருந்து போக வேண்டும் என்றுதான் விரும்பினான். அவள் வாழ்க்கையில் யார் இருக்கலாம், யார் போக வேண்டும் என்று அவளைக் கேட்காமலே முடிவு செய்தான்.

2025இல் வந்த இரண்டாம் பருவத்திலும் அந்த விசாரணை பிக்ஸின் தூக்கத்துக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது.