காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன்

ஜான் பன்யனின் ‘மோட்சப் பிரயாணம்’ 1678இல் வெளிவந்தது. கதை தொடங்கிய சில பக்கங்களிலேயே கிறிஸ்தியான் வீட்டைவிட்டு ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வரச்சொல்லிக் கதறுகிறார்கள். அவனோ விரல்களால் காதைப் பொத்திக்கொண்டு, நித்திய ஜீவனைக் கேட்டுக் கூவியபடி ஓடிக்கொண்டே இருக்கிறான். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப்பட்ட புத்தகம் இது. தகப்பனின் மடியிலிருந்து இதைக் கேட்ட பிள்ளையின் மனதில் என்ன ஓடியிருக்கும்? தன் ஆத்துமாவைக் காத்துக்கொள்ள, தன்னையே நம்பியிருப்பவர்களை ஒருவன் விட்டுப் போகலாமா?

வேதத்தில் இதற்கு ஒற்றை வரியில் விடை தேடுபவர் ஏமாந்துபோவார். தாய் தகப்பனையும் மனைவி மக்களையும் வெறுக்காதவன் தமக்குச் சீஷனாக முடியாது என்று இயேசு சொன்னதை லூக்கா 14 பதிவு செய்திருக்கிறது. அந்தக் கடுமையைக் குறைத்துக் காட்டப் பிரசங்கிகள் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறார்கள், அது குறையாது. ஆனால் மாற்கு 7இல், பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி அவர்களைப் பட்டினி போடத் துணிந்தவர்களை அவரே கண்டிக்கிறார். பக்தியைக் காட்டிக் கடமையைத் தட்டிக்கழிப்பவனுக்கு அவரிடத்தில் அடைக்கலம் இல்லை.

பன்யனின் வாழ்க்கையில் இந்த இரண்டு வசனங்களும் ஒன்றோடொன்று மோதின. அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660இல் அவரைப் பிடித்து பெட்ஃபோர்டு சிறையில் அடைத்தார்கள். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தால் போதும், வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் உள்ளே இருந்தார். வெளியே முதல் தாரத்துப் பிள்ளைகள் நால்வர். மூத்தவள் மேரிக்குப் பார்வை இல்லை. புதிதாக மணமாகி வந்த எலிசபெத் அப்போது கர்ப்பிணி. கணவன் கைதான அதிர்ச்சியில் அவளுக்குக் காலத்துக்கு முன்பே பிரசவமாகிக் குழந்தை இறந்தது. அந்தத் துயரத்தோடேயே 1661இல் நீதிபதிகள் முன் நின்று, பார்வையற்ற பிள்ளை உட்பட நால்வரும் பிறர் தரும் தருமத்தில் பிழைக்கிறார்கள் என்று சொல்லி மன்றாடினாள். பலிக்கவில்லை. பன்யனின் மனசாட்சிக்கு உரிய விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவள் எலிசபெத்தான். அவரைத் தியாகி என்று போற்றும் எவரும் இதை விழுங்கிவிடக் கூடாது.

ஆனாலும் அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. சிறைக்குள் உட்கார்ந்து உடுப்புகளுக்கான நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தி, விற்கக் கொடுத்து, குடும்பத்துக்குக் காசு அனுப்பினார். அந்தப் பிரிவு எலும்பிலிருந்து சதையைப் பிய்த்தெடுப்பது போலிருந்தது என்ற பொருளில் தன்வரலாற்றில் எழுதினார். பார்வையற்ற மகளைப் பற்றித்தான் அதிகமாகக் கலங்கினார். விட்டுப் போகச் சொல்லும் அழைப்பு உண்மையானதா என்று சோதிக்க இதைவிட நம்பகமான வழி தெரியவில்லை: போகிறவனுக்கு வலிக்கிறதா, போன பின்னும் அவன் சுமையைத் தூக்குகிறானா? வலியே இல்லாமல், லேசான மனதோடு குடும்பத்தை உதறச் செய்யும் அழைப்பைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

அதற்காகக் குடும்பம் அனுமதித்தால்தான் விசுவாசம் என்றும் ஆகிவிடாது. வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை அந்தச் சமயத்தை விட்டு 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். பின்னாளில் பன்யனின் கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தைப் பாட அவர் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. மனசாட்சியை உறவினரிடம் அடகு வைத்துவிட்டு வாழ்ந்தால் அந்த உறவும் நெடுநாள் நேர்மையாக இருக்காது.

இசையில் இதே கேள்வியை ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் தொட்டிருக்கிறார். 1724ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று லைப்சிக் நகரில் அரங்கேறிய அவருடைய ‘யோவான் பாடுகள்’ இசைப்படைப்பில், சிலுவையில் தொங்கும் இயேசு தம் தாயைச் சீஷனிடம் ஒப்படைக்கும் கட்டம் வருகிறது. உடனே பாடகர் குழு ஒரு ஞானப்பாட்டைப் பாடுகிறது: கடைசி நேரத்திலும் அவர் தாயை மறக்காமல் எல்லாவற்றையும் கவனித்தார் என்பதே அதன் கருத்து. உலகத்தின் பாவத்தைச் சுமக்கும் வேலைக்கு நடுவில் ஒரு விதவைத் தாய்க்கு வீடு ஏற்பாடாகிறது! அந்த மெட்டும் புதிதல்ல. பேதுரு மறுதலித்துவிட்டு அழுத இடத்தில் ஒலித்த அதே மெட்டு. பத்து வயது நிறையுமுன் தாய் தகப்பன் இருவரையும் இழந்து அண்ணன் வீட்டில் வளர்ந்தவர் பாக். யார் யாரைக் கவனித்துக்கொள்வது என்ற கேள்வி அவருக்கு வெறும் போதனையாக இருந்திருக்க முடியாது.

பன்யனும் கிறிஸ்தியானின் அந்த ஓட்டத்தோடு விட்டுவிடவில்லை. அடுத்த பதிப்பில் ஓர் உரையாடலைச் சேர்த்தார்: குடும்பத்தை ஏன் அழைத்து வரவில்லை என்று அன்பு என்னும் பெண் கேட்க, கிறிஸ்தியான் அழுதுவிடுகிறான். 1684இல் இரண்டாம் பாகமே வந்தது. அதில் கிறிஸ்தியானின் மனைவி கிறிஸ்தீனாள் நான்கு மகன்களோடும் அண்டை வீட்டு இளம்பெண்ணோடும் புறப்படுகிறாள். யாரும் ஓடுவதில்லை. ஊன்றுகோல் ஊன்றி வருபவருக்காகவும் மனம் பலவீனமானவருக்காகவும் வழிகாட்டி நடையைக் குறைத்துக்கொள்கிறார். மகன்கள் வழியிலேயே வளர்ந்து மணம் முடிக்கிறார்கள். மரண ஆற்றைக் கடக்கும் நேரத்தில் கிறிஸ்தீனாள் பிள்ளைகளை அழைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போகிறாள்.

இலக்கியச் சுவையில் முதல் பாகமே உயர்ந்தது என்பார்கள். இருக்கட்டும். காதைப் பொத்திக்கொண்டு ஓடியவனைப் பற்றிய கேள்விக்கு பன்யன் ஆறு ஆண்டுகள் கழித்துத் தந்த பதில் இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது. முதல் பாகத்தை மட்டும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிப் புத்தகத்தை மூடிவிடுவது அவருக்கும் நியாயமில்லை, கேட்கும் பிள்ளைகளுக்கும் நியாயமில்லை.