தண்ணீருக்குள் இருக்கும் கல்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், வடமேற்கு மூலையில், வர்ஜின் பள்ளத்தாக்கு என்றோர் இடம் உண்டு. புதர்கள் மண்டிய வறண்ட பூமி. சுமார் 1 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே எரிமலைச் சாம்பலில் மரங்கள் புதையுண்டன. அம்மரங்களின் இடத்தில், தண்ணீரில் கரைந்து வந்த சிலிக்கா படிந்து, ஓபல் என்னும் இரத்தினக் கல்லாயிற்று. கரிய உடலில் தீயைப் போல் சுடர்விடும் அக்கல்லை 1987-ஆம் ஆண்டில் நெவாடா தன் மாநில இரத்தினமாக அறிவித்தது. அங்கே 1917-இல் கிடைத்த ஒரே கல் 2,500 காரட்டுக்கும் அதிக எடையுள்ளது.

இத்தனை அழகுள்ள கல்லில் ஒரு குறை இருக்கிறது. அதன் உடலிலேயே தண்ணீர் கலந்திருக்கிறது. ஈரமண்ணை விட்டு வெளியே வந்து உலர்ந்தால், பல கற்களில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடிவிடும். சில கற்கள் விரைவில் வெடிக்கும். சில ஆண்டுக்கணக்கில் தாங்கும். பார்வையைக் கொண்டு உறுதி கூற இயலாது. ஆகவே தோண்டி எடுத்தவற்றைக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரிலிட்டு வைப்பார்கள்.

இப்போது நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் குறையை அறியாத ஒருவர், மோதிரத்தில் பதிப்பதற்காக அந்தக் குப்பியிலுள்ள கல்லை விலை பேசுகிறார். அவர் எதுவும் கேட்கவில்லை. விற்பவர் மௌனமாக இருந்துவிடலாமா?

"கல்லை நான் கெடுக்கவில்லை, அதன் இயல்பு அது" என்று அவர் சொல்லக்கூடும். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரத்தைக் கண்ட நபி பெருமானார் (ஸல்) அவர்களிடம் அந்த வியாபாரியும், மழை நனைத்துவிட்டது என்றுதான் காரணம் கூறினார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று பெருமானார் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். மழை பெய்தது அவர் குற்றமன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம்.

"வெடிக்குமென்று எனக்கே நிச்சயமில்லையே!" என்பது அடுத்த சமாதானம். நிச்சயமில்லை என்பதும் அவர் அறிந்த ஒரு செய்திதானே? வாங்குபவர் அதையும் அறியாமல் அல்லவா பணத்தை எண்ணி வைக்கிறார்! சொன்னால் விலை குறைந்துவிடும் என்று மனம் அஞ்சுகிறதென்றால், அந்த அச்சமே சாட்சி. குறையக்கூடிய அந்தத் தொகை கல்லின் விலையன்று, மௌனத்தின் விலை. உண்மையைக் கேட்ட பின்னரும், தண்ணீரிலேயே வைத்து அழகு பார்ப்பதற்காக அக்கல்லை விரும்பி வாங்குவோர் இருக்கிறார்கள். அவர்கள் தரும் பணத்தில்தான் பரக்கத் உண்டு.

இது இரத்தின வியாபாரிகளுக்கு மட்டும் உரியதன்று. வீட்டை விற்கும்போது சுண்ணாம்பு பூசி மறைக்கும் சுவர்வெடிப்பும், சம்பந்தம் பேசும்போது மறைத்துவிடும் தீராத நோயும் தண்ணீருக்குள் இருக்கும் கற்களே. "அவர்கள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை" என்று பின்னர் கூறுகிறோம். நம் குறைகளையெல்லாம் ஊரறியச் சொல்ல வேண்டுமென்பதில்லை. ஆனால் ஒருவர் நம்மை நம்பித் தம் பொருளையோ, பெற்ற மகளையோ ஒப்படைக்கும் இடத்தில், அவர் அறிய வேண்டியதை அவர் கேட்குமுன் சொல்வதே அமானிதம்.

தண்ணீரிலிருந்து கல் ஒருநாள் வெளியே வந்தே தீரும். அதற்கு முன் நாம் வாய் திறந்துவிடுவோமாக!